செல்லோக்கள் இடப்பக்கம்

விபத்தில் சிக்கிய லாரிகளைப் பார்த்து, எவ்வளவு சேதம் என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நாமக்கல்லில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. நொறுங்கிய கேபின்களையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, ஒன்றும் நடக்காத நாளில்கூட ஏதோ நடக்கப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். மகள் சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றபோது நான் இங்கே உறக்கமில்லாமல் கிடந்தேன். அவள் விமானத்தில் போகும்போதெல்லாம், இறங்கிவிட்டேன் என்று செய்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவளுக்கு வந்தது சாலையில் வரவில்லை, ஆகாயத்திலும் வரவில்லை. ஒரு காலையில் தூங்கி எழுந்தபோது வந்தது.

மகள் இசையமைப்பாளர். சினிமாவுக்குப் பின்னணி இசை அமைத்திருக்கிறாள். அதைவிட, மேடையில் கையசைத்துப் பெரிய இசைக்குழுவை நடத்துகிறவள் என்றுதான் அவளை ஊருக்குத் தெரியும். வாரப் பத்திரிகைகளில் படம் வருகிறது. டீ குடிக்கப் போனால், "பாப்பாவ யூடியூப்ல பார்த்தேனுங்க" என்று யாராவது சொல்கிறார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாட்டுக்கு ஆள் கிடையாது. என் பக்கம் விவசாயம். மனைவி பக்கம் ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. கூடப் படித்த பெண் போகிறாள் என்பதற்காகத்தான் மகளையும் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கீபோர்டு வகுப்பில் சேர்த்தோம். பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் வகுப்பு. சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் கூட்டிப் போவேன். கீழே பல் பிடுங்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வகுப்பின் ஆண்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பது வழக்கம். எட்டாவது படித்த மகளுக்கு அது சலித்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டாள். விழாவன்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கலங்கிப்போனார்.

"ஏனுங்க, எம்பையன் மட்டும் தப்பா வாசிக்கறானுங்களே?"

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவும் தன் பிள்ளையைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தனித்தனியாகக் கேட்டால் தப்பு, சேர்த்துக் கேட்டால் சரி என்பது அன்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்தோம். மறுப்பே சொல்லாமல் படித்தாள், பட்டம் வாங்கினாள், பிறகு சென்னைக்குப் போய்விட்டாள். ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதைப் பிரித்து எழுதிக் கொடுக்கிற வேலை. சில ஆண்டுகள் அதிலேயே கிடந்தாள். பிறகு உதவித்தொகை கிடைத்து, இசைக்குழு நடத்துவதை மட்டும் படிக்க வெளிநாடு போனாள். திரும்பி வந்ததும், பழைய ஒலிப்பதிவுக் கூடத்து ஆட்களையே சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினாள். வாரம் முழுவதும் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளுக்காக வாசித்தார்கள். அந்தக் குழுதான் அவளை வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனது.

முதல் கச்சேரிக்கு எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வேன் பிடித்துச் சென்னைக்கு வந்தார்கள். கச்சேரி முழுக்க அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றதில் எல்லோருக்கும் வருத்தம். என் மனைவியின் அண்ணன், ரிக் வண்டி வைத்திருக்கிறவர், வெளியே வந்ததும் கேட்டார்.

"மாப்ளே, அம்மிணி பாடவுமில்ல, வாசிக்கவுமில்ல. கையத்தான் காட்டுச்சு. லாரிய ரிவர்ஸ் எடுக்கறப்ப எங்கூட்டு கிளீனருந்தான் காட்டறான். அவன் இதுக்குன்னு பாரினா போய்ப் படிச்சான்?"

என் மனைவி விடவில்லை. "அவங் காட்டறதப் பார்த்துத்தான நீ போன மாசம் காம்பவுண்டு செவுத்த இடிச்சே? அவன் படிச்சிருந்தா இடிக்க விட்டிருக்க மாட்டான்."

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு படத்துக்கான இசைப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது, காலையில் எழுந்த மகளுக்கு இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஓயாத இரைச்சல். சளி என்று நினைத்திருக்கிறாள். பதிவு முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். அப்புறம் பார்த்த மருத்துவர், இது சளியில்லை, உள்காது திடீரென்று செயலிழப்பது, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றாராம். மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இரைச்சல் குறைந்தது. கேட்கும் சக்தி திரும்பவில்லை.

இதை அவள் போனில் சொல்லவில்லை. ஊருக்கு வந்து, அம்மாவிடம் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு என்னைக் காரெடுக்கச் சொல்லி, ராசிபுரம் தாண்டிப் போகும்போது சொன்னாள். இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம், சென்னையில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள், சேலம் என்றால் பரவாயில்லை என்றாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"அம்மாகிட்ட என்னப்பா சொல்லிட்டு வந்தீங்க?"

"சேலத்துல ஒரு லாரி பார்க்கணும்னு."

"அப்பப் பொய்யில்ல. ஒரு பக்கம் ஹெட்லைட் போச்சு. பார்த்து எழுதிக் குடுங்க."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அஸ்தம்பட்டியில் நாங்கள் போன காது மருத்துவமனையில் கண்ணாடி போட்ட சிறிய அறை இருந்தது. உள்ளே மகளை உட்கார வைத்து, காதுகளில் கருவியை மாட்டினார்கள். வெளியே ஒரு பெண் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. வலது காதுக்கு அவள் கை டக் டக்கென்று உயர்ந்தது. பிறகு அந்தப் பெண் இடது காதுக்கு மாற்றினார். அழுத்தினார், ஒரு குமிழைத் திருப்பினார், மறுபடி அழுத்தினார். என் மகள் கவனமாக, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கை மடியிலேயே கிடந்தது. அந்தக் கை உயர்ந்தால் மேடை நிறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ உடைந்த வண்டிகளைப் பார்த்த என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றேன்.

சேலத்து மருத்துவரும் அதையேதான் சொன்னார். இடது காது இனி இப்படித்தான். வலது காது நன்றாக இருக்கிறது. அதற்கும் வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வராது என்றார். அந்தப் 'பெரும்பாலும்' இன்றுவரை என்னோடு இருக்கிறது.

ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று திரும்பும் வழியில் மகள் விளக்கினாள். சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. இசைக்குழு நடத்துகிறவருக்கு, யார் தவறினார், எந்த மூலையில் சத்தம் தூக்கலாக இருக்கிறது என்பது அந்த நொடியே தெரிய வேண்டும். அதுதான் வேலையே.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. அம்மா, மாமா யாருக்கும் வேண்டாம். குழுவுல ஒருத்தருக்கும் தெரியாது."

காரணம் இருந்தது. ஐரோப்பாவில் ஒரு நகரத்து இசைக்குழு, அவளைத் தங்கள் நடத்துநராக மூன்று வருஷத்துக்கு அழைக்க இருந்தது. பேச்சு முடிந்து ஒப்பந்தம் மட்டும் பாக்கி. அந்தக் குழுவிலிருந்து ஓர் அம்மாள், கையெழுத்துக்கு முன் அவள் கச்சேரியை ஒருமுறை நேரில் கேட்க வரப்போகிறார். அவர் வருகிற வாரத்தில் சேலத்தில்தான் கச்சேரி. சொந்த மண்ணில் முதல் கச்சேரி, அவளே எழுதிய இசை. ஒரு வார்த்தை வெளியே போனால் எல்லாம் கையைவிட்டுப் போகும் என்று அவள் பயந்தாள். நான் அவளைவிட அதிகமாகப் பயந்தேன்.

கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில். மாலையில் வரவேற்பு ஒன்று இருந்ததால் எங்களுக்குக் காலை நேரம்தான் கிடைத்தது. கச்சேரி முடிந்ததும் எல்லோருக்கும் பந்தி. முந்தின நாள் ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். வழக்கமாக அவளுக்கு இடப்பக்கம் உட்காருகிற முதல் வயலின்களை வலப்பக்கம் மாற்றினாள். தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய செல்லோக்களையும் அவற்றைவிடப் பெரிய டபுள் பாஸ்களையும் இடப்பக்கம் வைத்தாள். மண்டபத்தில் எதிரொலி அதிகம், அதனால்தான் என்று குழுவிடம் சொன்னாள். தடித்த ஒலி சுற்றிக்கொண்டு நல்ல காதுக்கு வந்துவிடும், மேடைப் பலகை வழியாகக் காலுக்கும் தெரியும், வயலினின் மெல்லிய ஒலி அப்படி வராது என்பது எனக்கு மட்டும் தெரிந்த காரணம். குழுவினர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார்கள்.

மறுநாள் மண்டபம் நிறைந்தது. வெளிநாட்டு அம்மாள் முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி நான், என் மனைவி, அவள் அண்ணன். மச்சான் மடியில் ஒரு பொன்னாடை. கச்சேரி முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக வந்து போர்த்தப்போகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் தாய்மாமன் கைதான் முதலில் பட வேண்டும்.

"எவனோ ஒருத்தன் மொதல்ல போத்திட்டான்னா நான் எதுக்கு மாமன்னு இருக்கேன்?" என்று காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

பாட்டு நடுவில் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவது எங்கள் ஊரில் தப்பும் இல்லை. மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்தால், பாடுகிறவர் பாடிக்கொண்டே குனிந்து கொடுப்பார்.

மகள் எழுதிய இசை, ரிக் வண்டி பூமியைத் துளைப்பது பற்றியது. டபுள் பாஸ்கள் அடியில் உறுமிக்கொண்டே போக, மேலே வயலின்கள் புழுதிபோல எழுந்தன. ஒரு கட்டத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ராடு என்கிற இரும்புக் குழாய் ஒன்று முழுதாக இறங்கிய பிறகு அடுத்ததை மாட்டுவதற்காக ரிக்கை நிறுத்துவார்களே, அந்த இடைவெளி. அவள் கை உயரத்தில் நிற்க, வில்லெல்லாம் அந்தரத்தில் நிற்க, மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

மச்சான் எழுந்துவிட்டார்.

என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் அவர் மேடையின் இடப்பக்கப் படியில் ஏறிவிட்டார். பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பின்னால், இடப்பக்கமாக வந்து நின்றார்.

"அம்மிணி" என்றார்.

மகள் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். அங்கே கூப்பிட்டவர் இல்லை.

"இக்கட்டால சாமி, இந்தப் பக்கம்" என்றார் மச்சான். அவள் இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாகவே தலையைத் திருப்பினாள். பின்வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வலப்பக்கம் முதல் நாற்காலியில் இருந்த வயலின்காரர், நரைத்த தாடிக்காரர், வில்லை அசைக்காமல் கண்ணை மட்டும் எதிர்ப்பக்கம் காட்டினார். அதே நொடியில் இடப்பக்கத்துச் செல்லோக்காரர்கள் அத்தனை பேரும், சொல்லி வைத்தாற்போல, மச்சான் நின்ற திசைக்குத் தலையைச் சாய்த்தார்கள். மகள் அதைப் பார்த்தாள். வலது கை உயரத்திலேயே நிற்க, இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

மச்சான் அப்படியே நின்றார். பிரேக் போட்ட மாதிரி நின்றார். அவள் வலது கையை இறக்கினாள், இசை மறுபடி தொடங்கியது. அது முடியும்வரை அவர் விரித்த பொன்னாடையோடு டபுள் பாஸ்களுக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டிய போஸ்டர்போல நின்றார். கடைசியில் மகள் நேராக இடப்பக்கம் திரும்பிக் குனிந்து கொடுத்தாள். அவர் போர்த்தினார். அன்று எழுந்த கைதட்டலில் பாதி அவருக்குத்தான்.

பந்தியில் என் பக்கத்து இலையில் அந்தத் தாடிக்காரர் உட்கார்ந்தார். நான் பயத்தில், "மண்டபத்துல எதிரொலிங்க, அதான் பொண்ணுக்கு எந்தப் பக்கம்னு..." என்று உளற ஆரம்பித்தேன்.

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சார், எங்களுக்குத் தெரியும். மழைக்காலத்துல ரெக்கார்டிங் நடந்தப்பவே தெரியும். இடது பக்கம் யாராவது பேசினா அவங்க வலது பக்கம் பார்த்தாங்க. அன்னைலேர்ந்து பேசணும்னா வலப்பக்கம் போய்த்தான் பேசுவோம். இடப்பக்கம் இருக்கறவங்க வில்லைத் தூக்குவோம், கண்ணால காட்டுவோம். அவங்களா சொல்றவரைக்கும் நாம கேட்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். காபி கொண்டு வர்றவர் உட்பட. அவரும் வலப்பக்கம்தான் வைப்பார்."

நான் வெறுஞ்சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என் இலையைப் பார்த்து, "ரசம் ஊத்தச் சொல்லட்டுமா சார்?" என்றார்.

எதிர்வரிசையில் இருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பந்தியிலிருந்து எழுந்ததும் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சேலத்துல லாரி பார்க்கப் போனீங்களாக்கும்? அப்பனும் மகளும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க, இப்பவே சொல்லிருங்க."

சொன்னேன். அவள் திரும்பிக் கை கழுவும் இடத்துக்கு நடந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மகளிடம் போனாள். நான் தாடிக்காரர் சொன்னதை மகளிடம் சொன்னேன். மகள் மண்டபத்துக்கு வெளியே, பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த குழுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மச்சான் வந்துவிட்டார். அவருக்கும் விஷயம் போய்விட்டது.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே? எனக்கு ரெண்டு காதும் பாதிதான் சாமி. கம்ப்ரஸர்கிட்ட நின்னு நின்னு போனது. ரிக்குல நாங்க யாருமே வாயில பேசறதில்ல, எல்லாம் கைதான். நீ கைய விரிச்சயா, நிறுத்துங்கறேன்னு எனக்கு உடனே புரிஞ்சு போச்சு."

"ஆனா ராடு மாத்தறதுன்னு புரியலியா மாமா?"

"அது எங்க கண்ணு புரியுது? தண்ணி வந்திருச்சு, வேல முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்" என்றார். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அவளே போய், காரில் ஏற இருந்த அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். சில கேள்விகள் கேட்டார். கை குலுக்கிவிட்டுப் போனார். அந்த முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. மூன்று வருஷம் இல்லை. முதலில் ஒரு வருஷம், பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். செல்லோக்களை இடப்பக்கம் வைத்துக்கொள்ள அந்தக் குழு ஒப்புக்கொண்டதாகவும் இருந்தது. எனக்கு ஏமாற்றம்தான். மகளுக்கு இல்லை. "மறைக்காம கிடைச்ச ஒரு வருஷம்பா" என்றாள். இப்போது அங்கேதான் இருக்கிறாள். காலையில் அவளிடமிருந்து செய்தி வரச் சற்றுத் தாமதமானாலும் நான் அந்த வலது காதைத்தான் நினைக்கிறேன். அந்தப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அவள் கிளம்புவதற்கு முன் சென்னையில் அந்தக் குழுவோடு கடைசியாக ஒரு பதிவு இருந்தது. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நானும் போனேன். ரயிலில் வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தேன். டபுள் பாஸ் வாசிக்கிற பெண் உதட்டில் விரல் வைத்து, பதிவுக்காகச் சுவரில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். தாடிக்காரர் தன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை வில்லால் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மகளின் கை உயர்ந்தது, எல்லோரும் நிமிர்ந்தார்கள்.